சிரட்டையில் வார்த்த சவர்க்காரம்

மகளுக்குச் சிரங்கு வந்தது மாரி தொடங்குகிற நேரம். முதலில் விரலிடுக்குகளில் சின்னப் பொட்டுகளாகத் தெரிந்தது. பிறகு மணிக்கட்டு, வயிறு, தொடை என்று பரவியது. விடிய எழும்பிப் பார்த்தால் பாயில் இரத்தத் துளிகள் காய்ந்திருக்கும். அவளுக்கு அப்போது ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் அவளோடு ஒரே வாங்கில் இருந்த நான்கு பிள்ளைகளுக்கும் அது இருந்தது.

நாங்கள் இரணைமடுக் குளத்திலிருந்து வரும் வாய்க்கால் ஒன்றின் ஓரத்தில் இருந்தோம். என் கணவரின் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேற்றத் திட்டத்தில் வயற்காணி எடுத்தவர். அவர் காலமான பிறகு கணவர் அந்த வயலைச் செய்தார். நான் கலியாணம் முடித்து அங்கே போனவள். உயர்தரம் வரை இரசாயனம் படித்திருந்தேன். பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. அந்த வாய்க்கால் கரையில் இரசாயனம் படித்த ஆள் நான் ஒருத்திதான் என்ற நினைப்பு எனக்குள் இருந்தது. யாரும் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் இருந்தது.

மகளைச் சைக்கிளில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த மிஸி, தாதியை அப்படித்தான் சொல்வோம், நான் கொண்டுபோன சின்னப் போத்தலுக்குள் கந்தகக் களிம்பு கொஞ்சம் வழித்துப் போட்டுத் தந்தார்.

“இது பூசினால் மட்டும் மாறாது. உடுப்பு, பாய், போர்வை எல்லாத்தையும் சவர்க்காரம் போட்டுச் சுடுதண்ணியிலை அவிக்க வேணும். பிள்ளையின்ரை மட்டுமில்லை, வீட்டிலை எல்லாற்றையும்.”

“சவர்க்காரத்துக்கு எங்கை போறது மிஸி?”

“அது எனக்கும் தெரியாது. நானே பனம்பழத்திலைதான் தோய்க்கிறன்.”

போர் நடந்த அந்த ஆண்டுகளில், பொருளாதாரத் தடையால், சவர்க்காரம் வன்னிக்குள் வரவில்லை. வராத பொருட்கள் பல. அவற்றில் சவர்க்காரமும் ஒன்று. வவுனியாப் பக்கம் போய் வருபவர்கள் எப்படியோ கொண்டுவரும் ஒன்றிரண்டு கட்டிகள் கிளிநொச்சிச் சந்தையில் இருக்கும். கடைக்காரர் ஒரு கட்டியை நூலால் ஆறு துண்டாக அறுத்து விற்பார். முழுக்கட்டியின் விலைக்கு எங்கள் வீட்டில் ஒரு கிழமைச் சோற்றுக்கு அரிசி வாங்கலாம். ஆகவே பனம்பழக் காலத்தில் எல்லோரும் பழத்தைப் பிசைந்து அந்தக் களியில் துணி தோய்த்தார்கள். ஊத்தை போகும். ஆனால் வெள்ளைச் சட்டை மஞ்சளாகும். காயப்போட்ட துணியின் வாசத்துக்கு மாடுகள் வந்து கொடியிலேயே கடித்துச் சப்பும். என் கணவரின் சேட் ஒன்றின் கைப்பகுதி அப்படிப் போனது. பனம்பழமும் மாரியோடு முடிந்துவிடும்.

கலியாணத்தின்போது கொண்டுவந்த தகரப் பெட்டிக்குள் என் இரசாயனக் கொப்பி இருந்தது. எடுத்துப் பார்த்தேன். கொழுப்புடன் சோடியம் ஐதரொட்சைட்டு சேர்ந்தால் சவர்க்காரம் என்று அரைப்பக்கம் எழுதியிருந்தேன். சோடியம் ஐதரொட்சைட்டு என்றால் எரிசோடா. எரிசோடாவும் வராத பொருள். சாம்பலிலும் காரம் உண்டு என்பது மட்டும் நினைவில் இருந்தது. அடுப்புச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து வடித்தேன். அலுமினியப் பானையில் விட்டு, அதற்குள் இலுப்பெண்ணெய் இரண்டு போத்தல் ஊற்றிக் காய்ச்சினேன். மண்ணெண்ணெய் இல்லாத காலம். இலுப்பெண்ணெய் எங்கள் வீட்டு விளக்குக்கு வைத்திருந்தது.

மத்தியானம் முழுக்கக் காய்ச்சியும் எண்ணெய் மேலேயும் தண்ணீர் கீழேயுமாகத்தான் இருந்தது. கறுப்பு நுரை வந்தது. ஒருவித நாற்றம் குசினியிலிருந்து வளவு முழுக்கப் போனது. பானையைக் கழுவ எடுத்தபோது அடியில் சின்னச் சின்னப் பள்ளங்கள். ஒரு இடத்தில் ஓட்டை விழுந்திருந்தது.

கணவர் வயலால் வந்து பானையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

“இஞ்சேரும், பானைக்கு என்ன நடந்தது?”

“சவர்க்காரம் காய்ச்சினனான்.”

“சவர்க்காரம் எங்கை?”

“வரேல்லை.”

“இனிப் பானையும் வராது,” என்றார்.

வாளியில் ஊற்றியிருந்த அந்தக் கரிய கலவையை நான் கொட்டுவதற்குக் கொண்டுபோகும்போதுதான் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து மனிசி படலையைத் திறந்துகொண்டு வந்தார். அடுத்தநாள் களை எடுக்க ஆள் வேண்டுமா என்று கேட்க வந்தவர். அவருடைய குடும்பம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இனக் கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்தது. வாய்க்கால் ஓரத்து நிலத்தில் மண்வீடு கட்டியிருந்தார்கள். எங்கள் வயலிலும் மற்றவர்களின் வயல்களிலும் கூலிக்குப் போவார்கள். அவர் என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். என்னை “அம்மா” என்பார். நான் அவரை “நீ” என்றேன். எங்கள் பக்கத்தில் அவர்களைச் சொல்ல ஒரு சொல் இருந்தது. வீட்டுக்குள் நாங்களும் அதைப் பாவித்தோம். அதை இங்கே எழுதவில்லை.

அவர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

“என்னாம்மா இது, களி கிண்டுனீங்களா?”

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. விரலால் தொட்டு உரசிப் பார்த்தார்.

“அடுப்புச் சாம்பல் இதுக்குப் பத்தாதும்மா. வாழத்தண்டு காயவச்சு எரிச்ச சாம்பல்தான் சுறுக்குன்னு இருக்கும். தோட்டத்து லயத்துல எங்கம்மா கம்பளிய அந்தத் தண்ணியிலதான் ஊறப்போடுவாங்க. வழுவழுன்னு வரும்.”

“அதிலை சவர்க்காரம் செய்வியோ?”

“சோப்பு எல்லாம் செஞ்சதில்லீங்க. அழுக்கு போகும்.”

வாழை எங்கள் இரண்டு வளவிலும் நிறைய நின்றது. குலை வெட்டிய தண்டுகளை மழை படாமல் கொட்டிலுக்குள் காயவைத்து எரித்து, அவர் இரண்டு சாக்குச் சாம்பல் கொண்டுவந்து தந்தார். பழைய தகர வாளியின் அடியில் துளை போட்டு, வைக்கோல் பரப்பி, அதன்மேல் சாம்பலை இறுக்கித் தண்ணீர் விட்டோம். பால் விடாத தேத்தண்ணியின் நிறத்தில் துளித்துளியாக இறங்கியது. அவர் விரலில் தொட்டு என் விரலிலும் தடவிவிட்டார். மீனைப் பிடித்ததுபோல் வழுக்கியது.

அன்றைக்கு மறுபடியும் கொப்பியைப் பார்த்தேன். வேறொரு அத்தியாயத்தில் விடை இருந்தது. சாம்பல் தண்ணீரில் இருப்பது மென்மையான காரம். அதோடு சுண்ணாம்பைச் சேர்த்துக் கொதிக்க வைத்தால் கடுமையான காரமாக மாறும். மிச்சம் வெள்ளை மண்டியாக அடியில் இறங்கிவிடும். சுண்ணாம்புக்குக் குறைவில்லை. அவர் வெற்றிலை போடுபவர், எங்கள் வீட்டிலும் சுவருக்குப் பூச வாங்கியது ஒரு பையில் கிடந்தது.

தண்ணீர் எவ்வளவு கடுமையாக இருக்கவேண்டும் என்பதில்தான் இரண்டு பேரும் தடுமாறினோம். அதைத் தீர்த்தது என் கணவர். விறகு கொத்திக்கொண்டு நின்றவர், கோடரியைக் கீழே வைக்காமலே சொன்னார்:

“விதைநெல் தெரிஞ்செடுக்கிறதுக்கு உப்புத் தண்ணியிலை முட்டை விட்டுப் பாக்கிறமெல்லோ. அதைப்போலை இதிலையும் விட்டுப் பாருங்கோவன்.”

முட்டை முதல் நாள் தாழ்ந்தது. தண்ணீரை வற்றக் காய்ச்சி விட்டபோது மிதந்தது. ஒரு ரூபாய்க் குத்திக் காசு அளவு மேலே தெரிந்தது. அதையே அளவாக வைத்துக்கொண்டோம்.

இம்முறை இரும்புத் தாச்சிச் சட்டி; காரம் அலுமினியத்தை அரித்துவிடும். எண்ணெயைச் சூடாக்கி, தெளிந்த காரத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, அந்த மனிசி அகப்பையால் கிண்டிக்கொண்டே இருந்தார். நான் நெருப்பைப் பார்த்தேன். பின்னேரம் போல எண்ணெயும் தண்ணீரும் பிரிந்து நிற்பதை விட்டுவிட்டு ஒன்றாகிக் கூழ் மாதிரித் தடித்தன. அப்போது உப்பைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவினேன். முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு வருபவரிடம் வாங்கிய மண்நிற உப்பு. உப்பு விழுந்ததும் கூழ் திரைந்து, மேலே தயிர்க்கட்டி போல் மிதந்தது. அதை வழித்துத் தேங்காய்ச் சிரட்டைகளுக்குள் வார்த்தோம்.

மூன்றாம் நாள் சிரட்டையைக் கவிழ்த்துத் தட்டினேன். மண்ணிறத்தில் அரைப்பந்து போல ஒன்று கையில் விழுந்தது. இலுப்பெண்ணெய் நாற்றம் இருந்தது. நுரை கொஞ்சம்தான். ஆனால் அது சவர்க்காரம். நான் அதைக் கணவரிடம் நீட்டினேன். அவர் கிணற்றடிக்குப் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து, “ஓம், சரிதான்,” என்றார்.

அந்த மனிசியிடம் ஒரு பழக்கம் இருந்தது. சிரட்டையிலிருந்து எடுத்த ஒவ்வொரு கட்டியையும் நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார். நாக்கில் சுரீர் என்று பிடித்தால் அதை ஒரு பக்கம் வைத்துவிடுவார். இன்னும் மூன்று கிழமை காற்றில் இருக்கவேண்டும் அது. பிடிக்காவிட்டால் பாவிக்கலாம். “எதுக்கு?” என்று கேட்டேன். “சுண்ணாம்பு கூடுனா வாய் வெந்து போவுதுல்ல, அது மாதிரி தானே இதுவும்,” என்றார். நான் அதைப் பட்டிக்காட்டு வேலை என்று நினைத்தேன். ஆனால் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் நாங்கள் பாசிச்சாயத் தாளை, லிட்மஸ் தாளை, நனைத்துப் பார்த்ததும் இதற்குத்தான்.

பாய், போர்வை, உடுப்பு எல்லாவற்றையும் அந்தச் சவர்க்காரம் போட்டு அவித்தோம். களிம்பும் பூசினோம். தை பிறக்குமுன் மகளின் கைகள் தெளிந்துவிட்டன.

அதன்பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவர் இலுப்பங்கொட்டை கொண்டுவந்தார், இன்னொருவர் முட்டை, வேறொருவர் தேங்காய். காசு கொடுத்து வாங்க யாரிடமும் இல்லை, எங்களுக்கும் அது தேவைப்படவில்லை. எங்கள் வளவில் காய்ச்சியதால் அது எங்கள் வீட்டுச் சவர்க்காரம் என்று பெயரெடுத்தது. சாம்பல் எரிப்பதும் சுமப்பதும் கிண்டுவதும் அந்த மனிசி. வார்ப்பதும் ஆட்களுக்கு எடுத்துக் கொடுப்பதும் நான். பத்துக் கட்டி வந்தால் மூன்றை அவருக்குக் கொடுத்தேன். அது போதும் என்று எனக்குப் பட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மாசியில் நெல் அரிவு வெட்டு வந்தது. அவர் விடிய வெட்டுக்குப் போனால் பொழுதுபடத்தான் வருவார். அவருடைய மகளுக்கு அதற்குச் சற்று முன்னர்தான் பெண்குழந்தை பிறந்திருந்தது. மகளின் புருசன் முல்லைத்தீவுப் பக்கம் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தான். வீட்டில் நாலு வாய். அவர் வெட்டுக்குப் போகாமல் முடியாது.

எனக்குச் சவர்க்காரம் கேட்டு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அறுவடைக்கால ஊத்தை. இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. உண்மையில், நான் இல்லாமல் அது நடக்காது என்பதும் அவர் இல்லாமல் அது நடக்கும் என்பதும் எனக்குத் தெரியவேண்டியிருந்தது. வாழைச் சாம்பல் முடிந்துவிட்டது. என் அடுப்புச் சாம்பலையே எடுத்தேன். அது காரம் குறைந்தது என்பதால் தண்ணீரை வற்ற வற்றக் காய்ச்சி, சுண்ணாம்பையும் இரண்டு மடங்காகப் போட்டேன். முட்டை தண்ணீருக்கு மேலே படகு மாதிரி நின்றது. எண்ணெயோ குறைவாகத்தான் இருந்தது. கட்டி நன்றாக இறுகி, வெள்ளையாக, முன்பு செய்தவற்றைவிட அழகாக வந்தது. நாலாம் நாளே ஆட்களுக்குக் கொடுத்தேன். இருபத்து மூன்று கட்டிகள். அவர் வீட்டுக்கும் மகள் வந்து இரண்டு வாங்கிக்கொண்டு போனாள்.

ஒரு கிழமைக்குள் இரண்டு வளவு தள்ளியிருந்த ஒரு மனிசி வந்தார். அவருடைய கணவர் கிளிநொச்சியில் அரசாங்க அலுவலகத்தில், கந்தோரில், உத்தியோகம். உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். தோல் வெடித்துச் சிவந்திருந்தது.

“உங்கடை சவர்க்காரத்தாலைதான் இப்பிடி. என்ன போட்டனீங்கள்?”

நான் யோசிக்கவே இல்லை. வாயில் வந்தது:

“நான் ஒண்டும் போடேல்லை. சாம்பல் அந்த மனிசி கொண்டுவாறது. என்னத்தை எரிச்சுக் கொண்டு வருதோ, ஆர் கண்டது?”

“நான் அப்பவே நினைச்சனான்,” என்றார் அவர். “உவையளை நம்பி ஒண்டும் செய்யேலாது.”

ஒரு பழைய கட்டி இருந்தது, அதை எடுத்து மாற்றிக் கொடுத்தேன்.

அடுத்த நாள் காலையில், நான் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தபோது, வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் வந்தார். வெட்டுக்குப் போகவில்லை. கையில் என் வெள்ளைச் சவர்க்காரம், பாதி கரைந்தது. அதை என் கையில் தரவில்லை. மாவிடிக்கும் உரலின் விளிம்பில் வைத்தார்.

“நாக்குல வச்சுப் பாருங்கம்மா.”

“ஏன், என்ன?”

“வச்சுப் பாருங்க.”

வைத்தேன். நெருப்புத்தணல் பட்டது போலிருந்தது. துப்பினேன். வாய் முழுக்கக் கசந்து எரிந்தது.

“புள்ளையோட துணிய இதுலதான் தொவைச்சிருக்கா எம் மக. பின்பக்கம், தொட எல்லாம் வெந்து தோல் கழண்டு போச்சு. ராவெல்லாம் கத்திக் கத்தி இப்ப கத்தவும் முடியாமக் கெடக்கு. மகளும் மருமகனும் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் நிறுத்தவில்லை. குரலை உயர்த்தவுமில்லை.

“சாம்பல் நான் கொண்டாந்ததுன்னு சொன்னீங்களாம். கேள்விப்பட்டேன். இந்தவாட்டி நான் சாம்பல் கொண்டாரலியேம்மா. நான் வெட்டுக்குல்ல போயிட்டேன்.”

அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். அவர் அதற்கு இடம் தரவில்லை.

விளக்குமாற்றைப் போட்டுவிட்டுக் கணவரிடம் போனேன். அவர் சூடடிக்கும் களத்தில் நின்றார். நடந்ததை முழுக்கச் சொன்னேன், கந்தோர்க்காரரின் மனிசியிடம் சொன்னதையும் சேர்த்து. அவர் தலைப்பாகையைக் கழற்றி முகத்தைத் துடைத்தார்.

“ஆஸ்பத்திரிக்குப் போம். பிறகு குடுத்த வீடெல்லாம் போய் வாங்கிக்கொண்டு வாரும். நான் மகளைப் பாக்கிறன்.”

கிளிநொச்சிக்குச் சைக்கிளில் போனேன். வார்ட்டில் அந்த மனிசியின் மகள் கட்டிலில் இருந்தாள். குழந்தை வாழையிலைமேல் குப்புறக் கிடந்தது. தோல் போன இடங்களில் மருந்து பூசியிருந்தார்கள். நான் அதைப் பார்த்தேன், பிறகு யன்னலைப் பார்த்தேன். அவள் என்னைக் கண்டதும் எழும்பி நின்றாள். அந்த நிலையிலும் எழும்பி நின்றாள். இருக்கச் சொன்னேன்.

வார்ட் மிஸி வந்தார். வயதானவர், கோபக்காரர்.

“இந்தப் பிள்ளைக்கு என்ன சவர்க்காரம் போட்டனீர் எண்டு கேட்டால் வாய் திறக்கிறா இல்லை. நீங்கள் இவாவுக்கு என்ன முறை?”

“பக்கத்து வளவு.”

“உங்களுக்காவது தெரியுமோ? ஆர் செய்தது அது?”

குழந்தையின் தாய் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு யார் செய்தது என்று தெரியும். காட்டிக் கொடுக்க அவள் விரும்பவில்லை. அல்லது எங்கள் வயலில் அவர்களுக்கு வேலை வேண்டும். இரண்டில் எது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

“நான்தான் செய்தனான்,” என்றேன்.

மிஸி என்னை அரை மணித்தியாலம் ஏசினார். பச்சைப் பிள்ளையின் தோல் என்றால் என்னவென்று தெரியுமா என்று கேட்டார். எங்கே படித்தனீர் என்றும் கேட்டார். நான் படித்த பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்று பின்னேரமும் அடுத்த நாளும் வீடு வீடாகப் போனேன். ஒவ்வொரு படலையிலும் அதே வசனம்: “நான் தந்த வெள்ளைச் சவர்க்காரத்தைத் திருப்பித் தாங்கோ. காரம் கூடிப்போச்சு. பிழை என்னிலைதான்.” பத்தொன்பது கட்டிகள் திரும்பி வந்தன. சில பாதி, சில தொடாதது. ஒரு வீட்டில் முடிந்துவிட்டது என்றார்கள். அங்கே யாருக்கும் ஒன்றும் இல்லை. இன்னொரு வீட்டுக்காரி தர மறுத்துவிட்டார். “கை எரிஞ்சால் எரியட்டும். எனக்கு வேறை ஒண்டும் இல்லை, மாரிக்குப் பிறகு இப்பத்தான் சீலை வெளுத்திருக்கு,” என்றார். எவ்வளவு சொல்லியும் தரவில்லை.

கந்தோர்க்காரரின் வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். அவர் எனக்குக் கதிரை போட்டார். நான் இருக்கவில்லை.

“அக்கா, நான் முந்தநாள் சொன்னது பொய். அந்த மனிசி இந்த முறை சாம்பல் தரேல்லை. அது என்ரை அடுப்புச் சாம்பல். சுண்ணாம்பைக் கூட்டிப் போட்டது நான்.”

அவர் கதிரையைத் திரும்ப உள்ளே இழுத்தார்.

“சரி, அதுக்கென்ன. நீர் நல்ல மனசிலை சொல்லுறீர். எண்டாலும் உவையளோடை கவனமா இரும்.”

நான் அதை மறுபடியும் சொன்னேன். அவர் தலையாட்டினார். ஆனால் பிறகும் அவர் மற்றவர்களுக்குச் சொன்னது முதல் கதையைத்தான். நான் சொன்ன பொய் என் கையைவிட்டுப் போய், அந்தப் பக்கத்தில் தன்பாட்டில் இருந்தது. அதைத் திருப்பி வாங்க முடியவில்லை.

குழந்தை பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தது. பிறகு வீட்டுக்கு வந்தது. தோல் வளர்ந்து மூடியது. தொடையில் மட்டும் கருமை நின்றது. இதை நான் நேரே பார்த்து அறியவில்லை, கணவர் சொல்லித்தான் தெரியும். அவர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போய் வந்தார். நான் போகவில்லை. ஒரு மாதம் போகவில்லை.

சித்திரையில் ஒருநாள் பத்தொன்பது கட்டிகளையும் ஒரு ஓலைக் கடகத்தில் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு வாய்க்காலைக் கடந்தேன். தண்ணீர் முழங்காலளவுதான். அந்த மனிசி வாசலில் இருந்து பாக்குச் சீவிக்கொண்டிருந்தார். மகள் குழந்தையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

“இதை எறிய மனமில்லை,” என்றேன். “சீவி, எண்ணெய் கூட விட்டுத் திருப்பிக் காய்ச்சினால் சரிவரும் எண்டு நினைக்கிறன். எனக்குத் தனியச் செய்யப் பயமாக் கிடக்கு.”

அவர் ஒரு கட்டியை எடுத்து மணந்து பார்த்தார். நாக்கில் வைத்தார். முகத்தைச் சுளித்துத் துப்பினார்.

“இன்னும் குறையல,” என்றார். இன்னொரு பாக்கை எடுத்துச் சீவினார். பிறகு, “இனிமே இங்கயே காய்ச்சுவோம்மா. உங்க வளவுக்கு நான் வரல,” என்றார்.

“ஓம்.”

“பாதிப் பாதி.”

“ஓம்.”

குழந்தையைப் பற்றிக் கேட்டேன். “இருக்கு,” என்றார். மன்னிப்புக் கேட்க ஒரு வசனம் நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அதை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்றேன். அவர் எழும்பி அடுப்பு மூட்டப் போய்விட்டார். நான் கத்தியை எடுத்துச் சவர்க்காரத்தைச் சீவத் தொடங்கினேன்.

பிறகு ஒன்றரை ஆண்டுக்குக் கிட்ட அவருடைய வளவில்தான் காய்ச்சினோம். சாம்பல் சுமப்பது என் வேலையாயிற்று. எப்போது காரம் விடுவது, எப்போது நெருப்பைக் குறைப்பது என்பதெல்லாம் அவர் சொல்வார். கொடுப்பதையும் அவரே கொடுத்தார். கந்தோர்க்காரரின் மனிசி அங்கே வரவில்லை. தங்கள் வீட்டு வேலைக்காரியை அனுப்பி வாங்கினார். குழந்தையின் தாய் என்னோடு அளவாகத்தான் பேசினாள். நான் இருக்கும்போது குழந்தையை முற்றத்தில் விடமாட்டாள். அந்தக் காலத்தில் எப்போதோ நான் சாம்பல்கார மனிசியை “அக்கா” என்று கூப்பிடத் தொடங்கினேன். எந்த நாள் என்று நினைவில்லை. அவர் என்னைக் கடைசிவரை “அம்மா” என்றுதான் சொன்னார். மாற்றச் சொல்லி ஒருமுறை கேட்டேன். “பழகிப் போச்சுங்க,” என்றார்.

அதற்குப் பிறகு ஒரு ஆடியில் ஷெல் கிட்ட விழத் தொடங்கி, எல்லோரும் வளவுகளை விட்டுக் கிளம்பினோம். நாங்கள் உழவுயந்திரம் ஒன்றில் இடம் பிடித்து விசுவமடுப் பக்கம் போனோம். அவர்கள் எங்களுக்கு ஒருநாள் முன்பே போய்விட்டார்கள். யாருக்கும் யாரிடமும் சொல்லிக்கொள்ள நேரமில்லை. எங்கள் வீட்டிலிருந்து நெல் ஏழு மூட்டையும் தகரப் பெட்டியும் பாயும் மகளின் புத்தகங்களும் வந்தன.

விசுவமடுவில் காட்டை வெட்டிக் கொட்டில் போட்டோம். சவர்க்காரம் அங்கேயும் இல்லை. நான் இரண்டு தடவை காய்ச்சினேன். நன்றாக வரவில்லை, ஆனால் யாருக்கும் தீங்கு வரவுமில்லை.

அதற்கு அடுத்த ஆண்டு வவுனியாவுக்குப் போய் வந்த ஒருவர் எங்கள் கொட்டிலைத் தேடிக்கொண்டு வந்தார். பழைய வாய்க்கால் கரையில் எங்களுக்குக் கீழே வயல் செய்தவர். நெளுக்குளத்தில் அக்காவைக் கண்டதாகச் சொன்னார். எல்லோரும் இருக்கிறார்கள். மருமகன் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறான். மகளுக்கு இன்னொரு குழந்தை, இம்முறை ஆண். மூத்தவள் ஓடித் திரிகிறாள். அங்கே கடையில் எல்லாச் சாமானும் கிடைக்குதாம்.

“உங்களைக் கேட்டவா,” என்றார். “நான் வாற கிழமையும் போவன். ஏதும் சொல்லிவிடுறியளோ?”

நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு, அன்றைக்குச் சொல்லாமல் விட்ட அந்த மன்னிப்பு வசனத்தை யோசித்தேன். கணவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாங்கள் சுகமா இருக்கிறம் எண்டு சொல்லுங்கோ. மகள் இப்ப அஞ்சாம் வகுப்பு. இஞ்சை கிணத்துத் தண்ணி கொஞ்சம் சவர், உப்புக் கரிக்குது. மற்றபடி ஒண்டுமில்லை.”

அவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, பொழுதுபட முன்னம் தருமபுரம் போகவேண்டும் என்று சைக்கிளை எடுத்தார்.